விடாத பிரேக்கும் பாஸ்கல் விதியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. பாஸ்கல் மறைந்த மறு ஆண்டு, 1663-இல், அச்சேறிய நூலில் இது உள்ளது. நாம் தேர்வுக்காகப் படிக்கும் இவ்விதி ஒரு கார் ஓட்டுநரின் பிழைப்பில் எவ்வாறு குறுக்கிட்டது என்பதை இங்கே காண்போம்.

என் தாய்மாமன் நாமக்கல் பக்கம் சிறிய கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடுமுறையில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

சென்ற கோடையில் வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவர் வந்தார். கொல்லிமலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் கார் இடப்பக்கம் இழுக்கிறது. இடது முன்சக்கரம் தொட முடியாமல் சுடுகிறது. கருகிய வாடை வேறு. ஆனால் பட்டறையில் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு ஜாக்கி போட்டால் அதே சக்கரம் பம்பரமாய்ச் சுழல்கிறது! வேறு இரண்டு பட்டறைகளில் பிரேக் பேட், பேரிங், காலிப்பர் எல்லாம் மாற்றியாயிற்று. அடுத்து மாஸ்டர் சிலிண்டர் என்றார்களாம். கார்க் கடனில் இரண்டு தவணை நிலுவை.

"காய்ச்சல் இருக்கும்போதுதான் கை பார்க்கணும் மாப்ளே" என்றார் மாமா. காரை இருபது கிலோமீட்டர் ஓட்டி, சூடு ஆறுமுன் ஜாக்கி போட்டோம். சக்கரம் அசையவில்லை. மற்ற மூன்றும் சூடின்றி இருந்தன. மாஸ்டர் சிலிண்டரில் குறை எனில் அதே குழாய்ச் சுற்றிலுள்ள இன்னொரு சக்கரமும் சுட வேண்டுமே. ஆகவே அதை ஒதுக்கினோம்.

காலிப்பரிலுள்ள பிளீடர் நிப்பிளை மாமா சற்றே தளர்த்தினார். ஆயில் பீறிட்டது; சக்கரம் விடுபட்டது. துருவேறிய பிஸ்டனோ பின்னோ பிடித்திருந்தால் ஆயிலைத் திறந்ததும் இப்படி விட்டிருக்காது. அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது என்பது உறுதி. சிறை எங்கே? நிப்பிளை மூடிப் பெடலை மிதித்துச் சக்கரத்தை மறுபடி பிடிக்கச் செய்தோம். இம்முறை இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் இடத்தைத் தளர்த்தினார். ஒரு சொட்டுதான் கசிந்தது, சக்கரம் விடவில்லை. எனவே அடைப்பு ஹோஸுக்குள்தான்.

வெளியே பளபளவென்றிருந்த அந்த ஹோஸை அறுத்துப் பார்த்தோம். உட்புற ரப்பர் ஊதிப் பிளந்து, ஊசித் துளையளவே வழி இருந்தது.

இனி நம் பாடத்துக்கு வருவோம். பெடலில் 20 கிலோ எடை அளவு மிதிப்பதாகவும் நெம்புகோல் அதை 5 மடங்காக்குவதாகவும் கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 2 செ.மீ. எனில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 32 கிலோ. இத்தனை அழுத்தம் ஊசித் துளை வழியாகவும் ஆயிலைத் தள்ளிவிடும். ஓட்டம் நின்றபின் இருபுறமும் அழுத்தம் சமமே. அதனால்தான் பிரேக் ஒழுங்காகவே பிடித்தது. யாருக்கும் ஹோஸ் மேல் ஐயம் வரவில்லை. திரும்பும்போது நிலைமை வேறு. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் சீலின் சிறு மீள்திறன் மட்டுமே உண்டு. ஒரு குழாயில் சீராகப் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதம் என்பது புவாசேய் விதி. ஆரம் கால் பங்கானால் ஓட்டம் 256-இல் ஒரு பங்கு! பேட் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், சிறைப்பட்ட ஆயில் விரிந்து இன்னும் இறுக்கும். நின்றால் குளிர்ந்து மெல்ல வழிந்து விடுபடும். தேநீர் நேரத்தில் நோய் மறைந்த மாயம் இதுவே.

இதை இழுவை என்று மட்டும் எண்ணலாகாது. டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்காமலிருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குமிழி உண்டாகும். திரவத்தைப் போலன்றிக் குமிழி அமுங்கிவிடும். பெடல் தரையைத் தொடும். இறக்கத்தில், நாற்பதாவது வளைவில் அப்படி நேர்ந்தால்?

முன்பக்க ஹோஸ் இரண்டையும் மாற்றி, புது ஆயில் ஊற்றிக் காற்றெடுத்தோம். முன்பு மாற்றிய காலிப்பரின் விலையோடு பார்த்தால் இச்செலவு சொற்பம். மறுநாள் மலை ஏறி இறங்கியவர் காரவள்ளியிலிருந்து போன் செய்தார்: "மேஸ்திரி, ரெண்டு முன்வீலும் ஒரே சூடுதான்."

மாமா கேட்டுக்கொண்டே அடுத்த காருக்கு ஜாக்கி எடுக்கச் சொன்னார்.