சாயத்துக்கு முன் உப்புத்தாள்

துப்பாக்கியின் மரக்கட்டைக்குச் சாயமேற்றி மெருகிடக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. லண்டனில் 1814-இல் தொடங்கிய பர்டி போன்ற பட்டறைகளில் குழாய் செய்பவர் வேறு, கட்டை செதுக்குபவர் வேறு. தொழில்பழகுநராகச் சேர்ந்து ஒரு வேலையில் ஊறவேண்டும். அமெரிக்காவின் சிறு பட்டறைகளில் ஒரே ஆள் எல்லாம் பார்ப்பார். எங்கே போனாலும் தொடக்க நாட்கள் உப்புத்தாளோடுதான் கழியும்.

அதில் சலிப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம். தேய்ப்பில் விட்ட ஒவ்வொரு கீறலையும் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். 120 எண் தாளில் தொடங்கி 180, 220, 320 என்று மரத்தின் இழைப்போக்கிலேயே தேய்த்துக்கொண்டு போங்கள். தாளுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வேண்டும். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் மயிர்போல நார்கள் எழும். அவற்றைத் தாளால் வெட்டுங்கள், எழாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உலோகத்தோடு சேரும் விளிம்புப் பக்கம் மட்டும் கை அடங்கவேண்டும். மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்துவிட்டால் வாடிக்கையாளர் கண் அங்கேதான் நிற்கும். நசுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியை ஒற்றினால் நார் உப்பி மேலே வரும். வெட்டுப்பட்ட நார் வராது.

நல்ல வால்நட் மரத்துக்குச் சாயமே தேவையில்லை என்பது என் கட்சி; எண்ணெய் பட்டாலே நிறம் ஆழமாகும். வெளிறிய வால்நட்டுக்கும் பீச் மரத்துக்கும்தான் சாயம். இங்கிலாந்துக்காரர்கள் அல்கனெட் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறப்போட்டுச் செந்நிறம் எடுப்பார்கள். ஸ்பிரிட் சாயம் நொடியில் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். கற்றுக்குட்டிக்குத் தண்ணீர்ச் சாயமே தோது. தோளில் பதியும் முனையில் நார்கள் குறுக்காக வெட்டுப்பட்டிருப்பதால் அது சாயத்தை அதிகம் குடித்துக் கறுக்கும். அங்கே சாயத்தை நீர்க்கக் கலந்து பூசுங்கள். எதையும் முதலில் அந்த முனையை மூடும் அடித்தட்டுக்குள் மறையும் இடத்தில் பூசிப் பாருங்கள்.

மெருகுக்கு எண்ணெயை உள்ளங்கை சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கனமாகப் பூசினால் பிசுபிசுப்பு போகாது. பூச்சுக்குப் பூச்சு நன்றாகக் காயவேண்டும் என்பதால் வாரக்கணக்கு ஆகும். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உள்ளுக்குள்ளேயே சூடாகித் தானாகத் தீப்பிடிக்கும். 1991-இல் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவில் இப்படித்தான் தீ மூண்டு, 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியைத் தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகரடப்பாவில் போடுங்கள்.

வேலை கேட்டுப் போகும்போது கைபேசிப் படங்களை நம்பவேண்டாம். ஒரே வால்நட் பலகையில் பாதி வெறும் மரம், பாதி முடித்த மெருகு என்று செய்து எடுத்துப்போங்கள். எத்தனை பூச்சு, என்ன எண்ணெய் என்று பின்பக்கம் எழுதிவையுங்கள். பழைய துப்பாக்கி ஒன்றைத் தந்து "புதுசாக்குவாயா?" என்று கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். அசல் பூச்சை உரித்தால் சேகரிப்பாளரிடம் அதன் விலை இறங்கிவிடும். அதைச் சொல்லத் தெரிந்தவரையே பட்டறைக்காரர் தேடுகிறார்.