கேமரா கறுப்பாகத் தெரிந்தால்

கேள்வி: என் மகளுக்கு நாளை மறுநாள் ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். நேற்று வரை ஒழுங்காக இருந்த லேப்டாப் கேமராவில் இன்று வெறும் கறுப்புதான் தெரிகிறது. அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, திருச்சுழி

பதில்: பஸ் ஏறுமுன் திரையின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், அம்மா. பல லேப்டாப்களில் லென்ஸை ஒட்டி நகத்தளவுகூட இல்லாத ஒரு தள்ளுமூடி இருக்கும். தூசி துடைக்கும்போது அது நகர்ந்து லென்ஸை மறைத்துவிடும்; நம் கரிசல் பக்கம் தினமும் துடைக்காமல் முடியுமா? சிலவற்றில் கீபோர்டின் மேல் வரிசையிலேயே கேமரா படம் போட்ட பட்டன் உண்டு. அதையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அப்படியும் வராவிட்டால், விண்டோஸ் 11 என்றால், செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் கேமரா பகுதியைத் திறந்து அனுமதிகளை ஆன் செய்யுங்கள். ஜூம் போன்ற வேறு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருந்தால் அதை மூடிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் கேமராவின் பெயரே காணோம், அல்லது திரையை மெல்ல அசைக்கும்போது படம் வந்து வந்து போகிறது என்றால், கீல் வழியாகப் போகும் மெல்லிய வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கு அருப்புக்கோட்டை போங்கள், ஆனால் நேர்காணல் முடிந்த பிறகு. மகள் செல்போனிலேயே பேசிவிடலாம். போனைக் கண் உயரத்துக்குப் புத்தக அடுக்கில் சாய்த்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும்.