ஷிஃப்ட் லென்ஸில் சரியான எக்ஸ்போஷர்

1982-ல் பசிலிக்கா ஆன நம்ம ஊர் பனிமய மாதா பேராலயத்தை, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் கட்டிடமே பின்னால் சாய்ந்த மாதிரி வரும். ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் கேமராவை நேராக வைத்து, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம்.

சிக்கல் மீட்டரில்தான். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவில் மீட்டர் பார்ப்பது ஃபோகசிங் ஸ்கிரீனை. லென்ஸ் நகர்ந்தால் அதில் ஒளி சாய்வாக விழும், கணக்கு தப்பிடும். அதனால் நகர்த்துவதற்கு முன்பே, ரோட்டை விட்டுவிட்டு கோயில் சுவரை மட்டும் அளந்து, மேனுவலில் வெச்சுக்கணும். வெள்ளைச் சுவரை மீட்டர் சாம்பலாக்கும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ரொம்பக் கூட்டினால் வேலைப்பாடு வெளுத்துப்போகும், எந்த சாஃப்ட்வேரும் மீட்டுத் தராது.

மிரர்லெஸ்ஸில் சென்சாரே அளப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு லென்ஸ் வாடகைதான். மறுநாள் வாடகைக்குக் காசு ஏது? ஹிஸ்டோகிராமைப் பார்த்துட்டு ஸ்டாண்டை மடக்குங்க.