இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம்

முழுநிலவு நாளில் திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோருக்கு எவரும் அழைப்பிதழ் அனுப்புவதில்லை. நாள் தெரியும், வழி தெரியும், பதினான்கு கிலோமீட்டர் தொலைவுக்கும் உடன் நடப்பவர் இருப்பார். கணினித் துறையிலும் இவ்வாறு நாள் குறித்து அழைப்பின்றிக் கூடும் மரபு ஒன்று உண்டு. அக்கூட்டத்தாருக்குப் பயனர் குழு என்று பெயர்.

சென்னையில் 1998 ஜனவரியில் தொடங்கிய இந்திய லினக்ஸ் பயனர் குழு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையைத் தன் கூட்ட நாளாகக் கொண்டது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வான்வெளிப் பொறியியல் துறை வகுப்பறையில் அதன் கூட்டங்கள் நடைபெற்றுள்ளன. கட்டணம் இல்லை, வருபவரின் பட்டத்தை எவரும் வினவுவதில்லை.

கூடியதன் தேவை

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஒன்று உருவாயிற்று. அதனை எவரும் இயக்கலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இதுவே கட்டற்ற மென்பொருளின் இயல்பு. ஆனால் விலை கொடுத்து வாங்காத பொருளில் பழுது நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? பயன்படுத்துவோரே ஒருவருக்கொருவர் துணையாக வேண்டியிருந்தது.

அன்று இணையம் தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்தது. 650 மெகாபைட் கொண்ட ஒரு குறுந்தகட்டின் உள்ளடக்கத்தைத் தரவிறக்க, இணைப்பு அறுபடாவிட்டாலும் ஒரு நாளுக்கு மேலாகும். எனவே ஒருவர் பெற்ற குறுந்தகடு படியெடுக்கப்பட்டுப் பலரைச் சேர்ந்தது.

> தெரியுமா? ஐ.பி.எம். 704 கணினியைப் பயன்படுத்தியோர் 1955இல் லாஸ் ஏஞ்சல்சில் ‘ஷேர்’ என்னும் குழுவைத் தொடங்கினர். ‘ஹோம்புரூ’ கணினிக் கழகம் 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் முதன்முதலாகக் கூடியது. ஸ்டீவ் வோஸ்னியாக் தாம் வடிவமைத்த முதல் ஆப்பிள் கணினியை அக்கழகத்தாரிடம்தான் காட்டினார்.

ஐந்தா, மூன்றா?

பயனர் குழுவில் பேசுபவர் பெரும்பாலும் பேரறிஞர் அல்லர். அண்மையில் ஒரு சிக்கலை அவிழ்த்தவர். கேட்பவரைவிட ஓரடி முன்னே நிற்பவர் என்பதால், எங்கே இடறும் என்பதை அவர் மறந்திருப்பதில்லை. பேச்சைவிட அதன் பின் எழும் வினாக்களே அங்குப் பயன் மிக்கவை. அவ்வினாக்கள் எழ மொழி தடையாதல் கூடாது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே உரையாடுவது இதனால் பெருமை பெறுகிறது.

ஒரு சான்று காண்போம். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை என்று பைத்தான் மொழியில் வினவினால், ஐந்து என்று விடை வரும். மூன்று என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். ஒருங்குறி முறையில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும், ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் எனத் தனித்தனியே பதிவாவதே இதற்குக் காரணம். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நம் இலக்கணத்தைக் கணினிக்குக் கற்பிக்க ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு எழுதப்பட்டது. தமிழறிந்த நிரலாளர் இல்லையெனில் இப்பிழை பிழையாகவே தோன்றியிராது.

பேச்சு காற்றோடு போகாதிருக்க எழுத்தும் வேண்டும். 2012இல் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் குறித்த கட்டுரைகளை எளிய தமிழில், எவரும் பகிரும் உரிமத்தோடு வெளியிட்டு வருகிறது.

சிற்றூர்களை நோக்கி

விழுப்புரத்தில் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழு, ஊர்ப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சியளிக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு இருப்புப்பாதை உண்டு; தொலைவு பெரிதன்று. பெருநகரத்து மாணவர் தெரு முனையில் ஒரு நிரலாளரைக் காணக்கூடும். கோயில் நகரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்பவருக்கு அவ்வாய்ப்பு அரிது. எனவே இத்தகைய குழுக்களின் தேவை அங்கேதான் மிகுதி.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வகையும் இடம்பெற்றிருந்தது. காட்டித்தர ஒருவர் இல்லாத வீட்டில் அது திறக்கப்படாமலே கிடக்கும். ஓர் அறை, ஒரு மின்னிணைப்பு, பேச ஒருவர், கேட்க நால்வர், மாதத்தில் மாறாத ஒரு நாள்: ஒரு பயனர் குழு தொடங்க வேண்டுவன இவ்வளவே.