வளர்ப்பறையில் கேஸ் அடுப்பு: நம்புவதும் நடப்பதும்

மாடி அறையில் எல்இடி விளக்கு மாட்டி லெட்டூஸ் வளர்க்கிறவரிடம் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “உள்ளே ஒரு கேஸ் அடுப்பைப் பத்த வெச்சு உடுங்க, செடி தளதளன்னு வருமுங்க.”

இதில் பாதி உண்மை. வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. அதை 800, 1000 என்று உயர்த்தினால் தக்காளி, வெள்ளரி, லெட்டூஸ் எல்லாம் வேகமாக வளரும். நெதர்லாந்துக் கண்ணாடிக் குடில்களில் இது நெடுநாள் வழக்கம். ஆனால் அங்கே குளிருக்கு எப்படியும் பாய்லர் எரிகிறது. அதன் புகைவாயுவைச் செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். கோவைச் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கு ஆகாது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் கரியமில வாயு 3 கிலோ கிடைக்கும், சரி. கூடவே ஒன்றரை கிலோ நீராவியும், ஏறக்குறைய 13 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூடும் வரும். சூட்டுக்கு ஏசி ஓட வேண்டும். ஈரத்தில் இலையில் பூஞ்சணம் பிடிக்கும்.

எரிய எரிய நல்லது என்பது அடுத்த நம்பிக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி உள்ள அறையில் 1000 பிபிஎம் எட்ட 10 கிராம் எல்பிஜியே போதும். அடைத்த அறையில் 100 கிராம் எரிந்தால் 6000 தாண்டிவிடும். 8 மணி நேர வேலைக்குத் தொழிற்கூடங்களில் ஏற்கும் வரம்பே 5000தான்.

“நீலமா எரிஞ்சா பயமில்லீங்க” என்பார்கள். இதுதான் ஆளைக் கொல்லும் நம்பிக்கை. அடைத்த அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய நல்ல அடுப்பும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். கேஸ் கசிந்தால் நாறுவது அதில் கலந்த மெர்காப்டன்; அது எரிந்துபோய்விடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. கொடைக்கானல் குளிரில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழாமல் போன செய்தியைப் படித்திருப்பீர்கள். அதே வாயுதான்.

செடியும் தப்பாது. வாழைத்தாரை அறையில் அடுக்கி மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது நம் வியாபாரிகளின் பழைய வழி. புகையிலுள்ள எத்திலீன்தான் காயைப் பழுக்க வைக்கிறது. அரைகுறையாக எரியும் அடுப்பிலும் அது வரும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே தக்காளி பூவை உதிர்க்கும், இலை தொங்கும்.

இந்த யோசனையைக் காளான் குடிலுக்கும் கொண்டு போகிறவர்கள் உண்டு. காளான் செடியே அல்ல. நம்மைப் போல ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடும். சிப்பிக் காளான் படுக்கையில் காம்பு நீண்டு குடை சுண்டைக்காய் அளவில் நின்றால், அறையில் அந்த வாயு மிஞ்சிவிட்டது என்று பொருள். அங்கே ஜன்னலைத் திறப்பதுதான் வைத்தியம்.

செடிக்குக் கரியமில வாயு வேண்டும்தான் என்றால் சிலிண்டரிலேயே வாங்கலாம். கோவை ஃபவுண்டரிகளில் வார்ப்புக்கான மணல் கோர் இறுகச் செய்ய சிஓ2 சிலிண்டர் நெடுநாளாகப் புழங்குகிறது. சூடும் எத்திலீனும் இல்லாத வழி அது. மிஞ்சினால் அதுவும் மூச்சடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். விளக்கு அணைந்த இரவில் கொடுப்பது வீண்.

முதலில் காற்றோட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் செலவு செய்யுங்கள். அளவுமானி இல்லாமல் எந்த வாயுவையும் உள்ளே விடாதீர்கள். வீட்டு உபயோக 14.2 கிலோ எல்பிஜி சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிப்பது சட்டப்படியும் குற்றம்.