சிகரெட் பெட்டிக்குள் நாடக நட்சத்திரங்கள்

கேள்வி: அந்தக் காலத்து அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் நாடக நடிகைகளின் படங்கள் இருந்தனவாமே, ஏன்?

பதில்: முதல் காரணம், பெட்டியின் மென்மை. காகித உறைக்குள் சிகரெட்டுகள் நசுங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டை தேவைப்பட்டது. அதை வெற்றாக விடுவானேன் என்று, 1880-களில் ரிச்மண்டின் ஆலன் அண்ட் ஜின்டர், நியூயார்க்கின் கின்னி பிரதர்ஸ் போன்ற நிறுவனங்கள் படம் அச்சிட்டன. சினிமா பிறக்காத காலம். மேடைதான் புகழின் உச்சி. லில்லியன் ரஸ்ஸல் போன்ற பாடகி-நடிகைகளின் முகம், நாடகக் கொட்டகையையே பார்த்திராதவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது. வரிசை வரிசையாக வெளியிட்டதால், விடுபட்ட படத்துக்காக அதே பிராண்டை மறுபடி வாங்கினார்கள். புகையிலைக்கு ஆள் பிடித்த தந்திரம் அது. அதை நான் போற்ற மாட்டேன். ஆனால் அட்டைகள் அரிய ஆவணங்கள். அன்றைய உடை, ஒப்பனை, சிகை அலங்காரம், பெயர் மறந்துபோன நடிகைகளின் முகங்கள் எல்லாம் அவற்றில் பிழைத்திருக்கின்றன.

அவை பிழைத்ததற்கு ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட அந்த எளிய தொழிலாளி, தான் சேகரித்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் பொருட்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்; இறந்த ஆண்டான 1963 வரை அவற்றை ஆல்பங்களில் ஒட்டி ஒழுங்குபடுத்தினார். உங்கள் வீட்டில் பழைய விளம்பர அட்டைகள் இருந்தால், தூக்கி எறியாதீர்கள்.