கூரை உத்தரவாதம்: சங்கங்கள் அறிய வேண்டியவை

நூல் கிடங்குக்கோ, நெசவுக் கூடத்துக்கோ, தானியக் கிடங்குக்கோ கூரை போடுவது ஒரு சங்கத்தின் ஆயுளில் ஓரிரு முறையே நேரும் காரியம். ஆகவே அதில் அநுபவமுள்ள நிர்வாகிகள் அரியர். "பத்து வருஷ உத்தரவாதம் இருக்கிறது" என்ற சொல்லைக் கேட்டதும் திருப்தியடைந்து, பத்திரத்தைப் படியாமலே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

ஆய்வுக்காக நான் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், கூரை போட்ட நான்காம் வருஷ ஐப்பசி மழையில் கிடங்கு ஒழுகி, நூல் கட்டுகள் நனைந்து கறைபட்டுப் போயின. காரியதரிசி நம்பிக்கையோடு உத்தரவாதப் பத்திரத்தை எடுத்து வந்தார். தகடு பத்து வருஷத்துக்குள் துருவேறித் துளைபடாது என்பதே அதில் இருந்த வாக்குறுதி. தகடோ துருப்பிடிக்கவேயில்லை. திருகாணிகளை அளவுக்கு மிஞ்சி முறுக்கியதால் ரப்பர் வாஷர்கள் பிளந்து, அந்த வழியாகவே நீர் இறங்கியிருந்தது. கூரை போட்ட ஒப்பந்தக்காரர் வாய்ச்சொல்லாகக் கொடுத்த உறுதியை நிரூபிக்க ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. நஷ்டம் முழுவதும் அங்கத்தினர் தலையில் விழுந்தது. அவ்வருஷம் பங்கு ஈவு கொடுக்க இயலவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய முதற்பாடம், உத்தரவாதம் ஒன்றல்ல, இரண்டு என்பதாகும். தகட்டைச் செய்தவர் தருவது பொருளுக்கான உத்தரவாதம். அதைப் பொருத்தியவர் தருவது வேலைக்கான உத்தரவாதம். ஒழுக்கு பெரும்பாலும் தகட்டின் நடுவில் தோன்றுவதில்லை. திருகாணித் துளை, முகடு, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம், சுவரோடு சேரும் இடம் ஆகியவற்றிலேயே தோன்றுகிறது. ஆகவே வேலைக்கான உத்தரவாதம் இல்லாத சங்கம் பாதிப் பாதுகாப்பையே பெற்றதாகும். பொருள் உத்தரவாதத்திலும் துளைபடாமைக்கு ஒரு காலமும், வர்ணம் மங்காமைக்கு வேறொரு காலமும் இருக்கக்கூடும். எந்தக் காலம் எதற்கு என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஈடு எவ்வளவு என்பது. பல பத்திரங்களில், கழிந்த வருஷங்களுக்கு ஏற்ப ஈடு குறைந்துகொண்டே வரும். உதாரணமாக, தகட்டின் விலை ரூ. 2,00,000, உத்தரவாதக் காலம் 10 வருஷம் என்று கொள்வோம். ஆறாம் வருஷ முடிவில் தகடு கெட்டால், மீதியுள்ள 4 வருஷத்துக்கு உரிய ரூ. 80,000 மட்டுமே கிடைக்கும். பழைய தகட்டைக் கழற்றும் கூலியும் புதியதைப் பொருத்தும் கூலியும் சேருமா என்பதை எழுத்தில் காண வேண்டும். உள்ளே நனைந்த நூலுக்கும் நெல்லுக்கும் பெரும்பாலும் ஈடு இல்லை. அதற்குச் சரக்குக் காப்புறுதியே வழி. அக்காப்புறுதியில் எவ்வகை நீர்ச்சேதம் அடங்கும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, விதிவிலக்குகள். இக்காலத்தில் அதிகம் வழங்கும் முலாம் தகட்டில், முலாமின் எடையில் நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம், 43.4 பங்கு துத்தநாகம், 1.6 பங்கு சிலிகான். செம்பின் மீது பட்டு வழியும் நீரும், ஈரச் சிமெண்டும் இம்முலாமை அரிக்கும். துளையிடும்போது சிதறும் இரும்புத் தூளைப் பெருக்காமல் விட்டால் அது துருவேறித் தகட்டைக் கறைப்படுத்தும். கடற்காற்று, சாயப்பட்டறையின் அமில ஆவி, மாட்டுக் கொட்டகையின் அமோனியா ஆவி ஆகியவற்றால் நேரும் கேட்டை உற்பத்தியாளர் விலக்கி வைப்பது வழக்கம். ஆகவே கட்டடத்தின் உபயோகத்தையும் கடலிலிருந்து அதன் தூரத்தையும் விலை கேட்கும் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். அநுமதியின்றிச் செய்யும் பழுதுபார்ப்பும், பராமரிப்பின்மையும் உத்தரவாதத்தை இழக்கச் செய்யலாம்.

சட்டத்தையும் சிறிது அறிவோம். 1930-ஆம் வருஷத்திய சரக்கு விற்பனைச் சட்டப்படி, உத்தரவாதம் மீறப்பட்டால் நஷ்ட ஈடு கோரலாம். ஆனால் அது ஒன்றையே காரணமாகக் காட்டிச் சரக்கைத் திருப்பியனுப்ப உரிமை இல்லை. அவ்வுரிமை ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனை மீறப்படும்போதுதான் பிறக்கும். ஆகவே தகட்டின் கனம், முலாமின் எடை ஆகியவற்றை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகவே எழுதி, இறக்கும்போதே சரிபார்க்க வேண்டும். 2019-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்காக வாங்கிய பொருளை விலக்கியிருப்பதால், சங்கக் கிடங்குக்கு அது துணை நிற்கும் என்று முன்கூட்டியே நம்பியிருத்தல் ஆகாது. முறையீடு செய்வதற்குச் சட்டத்தில் காலவரம்பு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

இனி நிர்வாகக் குழு செய்ய வேண்டியவை:

1. கடைசித் தவணையைக் கொடுக்குமுன் இரு உத்தரவாதங்களையும் சங்கத்தின் பெயரில் எழுத்தில் பெறுக.
2. இன்வாய்ஸ், தகட்டின் மீது அச்சிட்ட அடையாள எண், வேலை முடிந்த தேதி, புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைக்கவும்.
3. பருவமழைக்கு முன்னும் பின்னும் கூரையைப் பார்வையிட்டு, சருகை அகற்றி, நடவடிக்கைப் புத்தகத்தில் பதியவும்.
4. ஒழுக்குக் கண்டவுடன் படமெடுத்து, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அறிவிக்கவும். சரக்கை உடனே காப்பாற்றலாம். கூரையில் கை வைக்குமுன் அறிவிப்புச் செல்லட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் தங்கள் சங்கத்தின் பத்திரத்தை எடுத்து வாசித்து, இம்மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள்: உத்தரவாதம் தந்தவர் யார்? எதற்குத் தந்தார்? இன்று கூரை கெட்டால் எத்தனை ரூபாய் வரும்? விடை கிடைக்காவிடில், வரும் மழைக்கு முன்னரே அவர்களுக்குக் கடிதம் எழுதுவது நலம்.